சுருக்குப்பையில் டெல்லி போன நெல்: டெல்டா விவசாயிகள் குழுவின் கல்விப் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரி கடைசி வாரம், டெல்லியின் வடக்கு ஓரத்தில் நரேலா தானிய மண்டி. ஒரு கமிஷன் கடையின் மேசைமேல் ஈரப்பதமானி இருந்தது. எங்களோடு வந்திருந்த நாகை மாவட்டத்து அக்கா ஒருவர், கடைக்காரரிடம் சைகையிலேயே அனுமதி கேட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். அதிலிருந்த நெல்லை மானியின் கிண்ணத்தில் கொட்டினார். நாங்கள் இருபத்து நான்கு பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றோம். ஈரம் 14.6 சதவீதம் என்று காட்டியது.

அதே நெல்தான் ஆறு நாளைக்கு முன்னால் ஊரில் கொள்முதல் நிலையத்தில் 19.2 காட்டித் திரும்பி வந்தது. திரும்பி வந்த மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டுதான் அக்கா ரயிலேறியிருந்தார். "டெல்லியில யாராவது கேட்டா காட்டணும் தம்பி" என்று சென்னை சென்ட்ரலில் என்னிடம் சொன்னபோது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ராத்திரி ரயிலிலும் நான்கு நாள் டெல்லிக் காற்றிலும் துணிப்பைக்குள் கிடந்தே அந்த நெல் தானாகக் காய்ந்திருந்தது.

"இந்தக் காத்து நமக்கு இருந்தா, நாம ஏன் தார்ப்பாயத் தூக்கிக்கிட்டு அலையப்போறோம்?" என்றார் அக்கா.

பயணத்தின் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு நிமிடத்தை நான் முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. தலைவர்களாக இருக்கும் விவசாயிகளைத் தலைநகருக்கு அழைத்துப்போவதால் என்ன பலன் என்று யார் கேட்டாலும், இனி நான் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

யார் போனோம், எதற்குப் போனோம்

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து இருபத்து மூன்று விவசாயிகள், ஒருங்கிணைப்பாளனாக நான். உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்கள், பாசன சங்கத் தலைவர்கள், மகளிர் குழுப் பொறுப்பாளர்கள் என்று கலந்த குழு. பெண்கள் ஒன்பது பேர். எல்லோரும் நெல்லை நம்பி இருப்பவர்கள்.

கண்டுணர் சுற்றுலா எங்கள் பக்கத்தில் புதிதில்லை. நானே பல பயணங்களில் போயிருக்கிறேன், சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். ஒரு பண்ணை, ஒரு கூட்ட அரங்கு, ஒரு கோயில், கடைசியில் குழுப் புகைப்படம் என்றுதான் அவை முடியும். திரும்பி வந்தவர்களின் குறிப்பேடுகளை ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். பல பேருடைய நோட்டில் ரயில் நேரமும் சாப்பாட்டுச் செலவும்தான் எழுதியிருந்தது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். எதைத் தேடிப் போகிறோம் என்று புறப்படும் முன் நாங்கள் பேசவே இல்லை.

இந்த முறை புறப்படும் முன் மூன்று மாலை உட்கார்ந்தோம். ஆளுக்கொரு கேள்வி கொண்டுவரச் சொன்னேன். உரத்தட்டுப்பாடு, பயிர்க்காப்பீடு, காவிரி, கூலி, காட்டுப்பன்றி என்று வந்தன. இவற்றில் எதற்கு டெல்லியில்தான் பதில் இருக்கிறது என்று சலித்துப் பார்த்ததில் கடைசியில் இரண்டு நின்றன. நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்று எழுதியது யார்? அந்த ஆண்டு நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை, குவிண்டாலுக்கு 2,300 ரூபாய், எந்தக் கணக்கில் வந்தது?

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த 17-ஐக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாடு முழுக்க ஒரே விதி. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுப்பது மழை விலகி, வானம் வெளுத்த பிறகு. எங்கள் குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். சம்பா, தாளடி அறுவடையில் தைப்பனி. முன்பு கையால் அறுத்து, அரியை வயலிலேயே காயப் போட்டு, கட்டிக் களத்தில் அடித்தோம். இன்று பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் ஏக்கர் முடிந்துவிடும், நெல் வரும்போதே ஈரமாகத்தான் வரும். காயப் போடக் களம் போதாமல் தார்ச்சாலையில் கொட்டுகிறோம். மழை பிடிக்கும் ஆண்டுகளில் 22 சதவீதம் வரை எடுக்க வேண்டும் என்று மாநிலம் கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி அள்ளிப்போகும், சில ஆண்டுகளில் தளர்வு கிடைக்கும். உத்தரவு வந்து சேர்வதற்குள் குவியலில் முளை விட்டுவிடும்.

மனுவில் எண் இல்லை

கிரிஷி பவன் என்ற அந்தப் பழைய கட்டடத்தின் முன்னால் நின்றபோது, திருச்சி பக்கத்திலிருந்து வந்து திருவாரூரில் குடியேறிய ஓர் ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். 2017-இல் அய்யாக்கண்ணு தலைமையில் ஜந்தர் மந்தரில் 41 நாள் நடந்த போராட்டத்தில் அவரும் இருந்தவர். "அப்ப வந்தப்ப ரோட்டத்தான் பாத்தேன். கட்டடத்த இப்பதான் பாக்குறேன்" என்றார். போராட்டத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ரோட்டில் உட்கார்ந்ததால்தான் ஊரில் நாலு பேர் தன்னைத் தலைவர் என்று கூப்பிடுகிறார்கள் என்று பிறகு ரயிலில் சொன்னார்.

வேளாண் துறையும் உணவுத் துறையும் அப்போது அந்த ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. ஆனால் விலைப் பேச்சு ஒரு துறையில், ஈரப்பதப் பேச்சு இன்னொரு துறையில். குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம், முடிவெடுப்பது பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு. நெல்லின் தர விதிகளை வகுப்பதும் தளர்த்துவதும் உணவு, பொது வினியோகத் துறை. ஊரில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதோ மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம். எங்களில் பாதிப் பேர் அதுவரை கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தரிடம்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவரால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்பது தெரிந்தபோது சிலருக்குச் சங்கடமாக இருந்தது.

ஓர் அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் காத்திருந்து ஓர் அதிகாரியைப் பார்த்தோம். எங்கள் மனுவை அவர் முழுவதுமாகப் படித்தார். ஆங்கிலத்தில் மூன்று பக்கம், நான்தான் எழுதியிருந்தேன், நன்றாகவே எழுதியிருந்ததாக நினைத்திருந்தேன். படித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: எந்தத் தேதியில், எந்த நிலையத்தில், எத்தனை மூட்டை, எத்தனை சதவீதம் என்று திருப்பினார்கள்? பதிவு இருக்கிறதா?

யாரிடமும் இல்லை. இருந்ததெல்லாம் அக்காவின் சுருக்குப்பையும், "போன வருசம் நாலு நாள் கெடந்துச்சு சார்" என்ற நினைவும்தான். அதிகாரி மரியாதையாகவே முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றபோது ஒருவரும் டீ குடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. அந்த மனுவை எழுதியவன் என்ற முறையில் என் தவறு அது. மூன்று பக்கத்தில் வேதனை இருந்தது, ஓர் எண்கூட இல்லை.

1965 ஜனவரி

அன்று மாலை கரோல் பாக் விடுதியின் மாடியில், டெல்லியில் முப்பதாண்டுக்கு மேல் இருக்கும் ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர் ஒருவர் எங்களுக்காக வந்தார். தமிழர். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தோம். கேள்விகளைக் கேட்டுக்கொண்டு, முதலில் ஒரு பழைய கதையைச் சொன்னார். எனக்கே அது முழுவதும் தெரிந்திருக்கவில்லை.

ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் ஆணையமும், இந்திய உணவுக் கழகமும் ஒரே மாதத்தில், 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டன. லால் பகதூர் சாஸ்திரி பிரதமர், உணவு, வேளாண் அமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். விளைச்சலைக் கூட்டினால் விலை விழும், விலை விழுந்தால் விவசாயி அடுத்த ஆண்டு விதைக்க மாட்டார். ஆகவே விதையோடு சேர்த்து விலைக்கும் கொள்முதலுக்கும் உறுதி வேண்டும் என்பது அவருடைய வாதம். புதுக் கோதுமையை நம்பாதவர்களுக்குக் காட்டவென்று தம் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது விதைத்தவர். அந்த உணவுக் கழகத்துக்கு முதல் தலைமையகம் சென்னை. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர்.

தஞ்சாவூர் என்றதும் கூடத்தில் ஒரு சலசலப்பு. "நம்ம ஊர்லேருந்து ஆரம்பிச்சதுக்கா நாம ரெண்டாயிரம் கிலோமீட்டர் வந்து கேக்குறோம்?" என்றார் ஒருவர்.

பிறகு 2,300-க்கு வந்தோம். கையை விட்டுப் போன காசு எல்லாம் ஒரு கணக்கு: விதை, உரம், உழவு, கூலி, வண்டி வாடகை, குத்தகைக்கு எடுத்திருந்தால் கொடுத்த குத்தகை. இதை ஏ2 என்கிறார்கள். அதோடு வீட்டாள் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் அடுத்த கணக்கு. சொந்த நிலத்துக்கு வர வேண்டிய குத்தகை மதிப்பையும் சொந்த முதலுக்கான வட்டியையும் சேர்த்தால் சி2. அரசு ஒன்றரை மடங்கு என்று சொல்வது இரண்டாவது கணக்கின்மேல். 2024-25-க்கு அகில இந்தியச் சராசரியாக நெல்லுக்கு வைத்த செலவு குவிண்டாலுக்கு 1,533 ரூபாய், அதில் ஒன்றரை மடங்கு 2,300. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்குமேல் குறைந்தது 50 சதவீதம் என்று பரிந்துரைத்தது. அந்தச் செலவு சி2-ஆக இருக்க வேண்டும் என்பதுதான் சங்கங்கள் இன்றுவரை கேட்பது.

இங்கேதான் குத்தகைக்காரர்கள் காணாமல் போகிறார்கள். டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வெளியூரில் இருப்பவர் நிலத்தையும் வாய்ப்பேச்சில் உழுபவர்கள் ஏராளம். அவர்களுக்குக் குத்தகை கையை விட்டுப் போகும் காசு, சொந்த நிலக்காரருக்கு அப்படியில்லை. இரண்டையும் கலந்து சராசரி எடுக்கும்போது குத்தகைக்காரரின் சுமை கரைந்துவிடுகிறது. எங்கள் குழுவில் குத்தகைக்காரர் இரண்டே பேர். அதில் ஒருவர் எழுந்து, "அடங்கல் பதிவு எம் பேர்ல இல்ல, கொள்முதல்ல எம் பேர்ல பில்லும் இல்ல, இந்தச் செலவுக் கணக்குலயாவது நான் இருக்கேனா ஐயா?" என்று கேட்டார். அலுவலர் சற்று யோசித்துவிட்டு, "மாதிரியில உங்க பண்ணை வந்திருந்தா இருப்பீங்க" என்றார்.

அந்த மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது என்பதுதான் அன்றிரவின் பெரிய பாடம். 1970-71 முதல் நடக்கும் சாகுபடிச் செலவு ஆய்வுத் திட்டம் அது. மாதிரிக்குத் தேர்வான ஊர்த்தொகுப்பு ஒவ்வொன்றிலும் பத்துப் பண்ணைகள், நில அளவில் ஐந்து வகுப்பு, வகுப்புக்கு இரண்டு. களப்பணியாளர் அங்கேயே இருந்து ஆண்டு முழுக்க அந்தப் பத்து வீட்டின் வரவு செலவையும் எழுதுகிறார். நம் மாநிலத்தில் அதைச் செய்வது கோவை வேளாண் பல்கலைக்கழகம். அந்த நோட்டுகள் கூட்டிக் கழித்து டெல்லி வந்து சேர ஓரிரு ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதனால் இடைப்பட்ட விலையேற்றத்தைக் கணித்துச் சேர்க்கிறார்கள். எங்கள் குழுவில் எவர் ஊரிலும் அந்தக் களப்பணியாளர் வந்ததாக நினைவில்லை. மாதிரி என்றால் அப்படித்தான், எல்லா ஊருக்கும் வராது. ஆனால் ஆணையம் ஒவ்வொரு பருவத்துக்கும் பரிந்துரை எழுதும் முன் மாநில அரசுகளிடமும் விவசாய அமைப்புகளிடமும் கருத்துக் கேட்கிறது. நாம் நம் கணக்கை எழுதி அனுப்பலாம்.

"உங்கள்ல யாரெல்லாம் போன போகத்துக்குக் கணக்கு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். மூன்று கைகள் உயர்ந்தன. மூன்றும் பெண்கள். மகளிர் குழுவில் வரவு செலவு எழுதிப் பழகிய கை.

பூசாவில் கோதுமை

மறுநாள் பூசா. 1905-இல் பிகாரின் பூசாவில் தொடங்கி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்து, 1936-இல் டெல்லிக்கு இடம்பெயர்ந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம். பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. பாதிப் பேர் அன்றுதான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கோதுமை வயலில் கால் வைத்தோம். பால் பிடித்த பச்சைக் கதிர். ஒருவர் குனிந்து கதிரைக் கன்னத்தில் உரசிப் பார்த்தார், கதிரின் கூர்முள் கூசியது. "நெல்லு இந்நேரம் தலை சாஞ்சிருக்கும். இது நட்டமா நிக்குது பாருங்க" என்றார் இன்னொருவர். வயலுக்குள் ஈரம் எவ்வளவு, எத்தனை தண்ணீர் கட்டுகிறார்கள் என்று கால் கட்டை விரலால் மண்ணைக் கிளறியே கண்டுபிடித்தார்கள். மொழிபெயர்க்க எனக்கு வேலையே இல்லாத ஒரு மணி நேரம் அது.

அருகிலேயே தேசியத் தாவர மரபணு வள நிறுவனத்தின் விதை வங்கி. லட்சக்கணக்கான விதை மாதிரிகளை மைனஸ் 18 டிகிரியில் அலுமினியப் பொதிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். விதையை அந்தக் குளிரில் வைக்கும் முன் ஈரத்தை வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள் என்று கேட்டதும் எல்லோரும் அக்காவையும் சுருக்குப்பையையும் பார்த்தார்கள். பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் அன்று கேட்டறிந்தோம். 2001 சட்டம். அதன் 39-ஆம் பிரிவின்படி, பாதுகாக்கப்பட்ட ரகமே ஆனாலும் தன் விதையை எடுத்துவைக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு, பெயர் முத்திரை போட்டு விற்கத்தான் கூடாது. விவசாயிகளே பேணி வந்த ரகத்தைப் பதிவு செய்யக் கட்டணமும் கிடையாது. கருப்புக்கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போடும் நான்கு பேர் இதை விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

ஆசாத்பூர் காய்கறி, பழ மண்டிக்கு விடியற்காலையில் போனோம். கோயம்பேடு பார்த்தவர்களுக்கும் அதன் அளவு மிரட்டும். நெல்காரர்களுக்கு அங்கே எடுத்துக்கொள்ள அதிகமில்லை. திராட்சைப் பெட்டிகள் அளவுவாரியாகப் பிரித்து வந்திருந்ததையும், பிரிக்காத சரக்குக்கு ஏலத்தில் கிடைத்த மரியாதையையும் பார்த்ததோடு சரி. நாடாளுமன்றத்துக்கு நுழைவுச் சீட்டு கிடைக்கவில்லை. செங்கோட்டை பார்த்தோம். அதற்கு அடுத்துத்தான் நரேலா, சுருக்குப்பை, 14.6.

ஊர் திரும்பிய பிறகு

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நாக்பூர் தாண்டும்போது இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, இரண்டு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சேர்ந்து ஓர் ஈரப்பதமானி வாங்குவது. மற்றொன்று, இருபத்து மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு வீடு சேர்த்து அடுத்த குறுவைக்குச் செலவுக் கணக்கு எழுதுவது. அதில் ஒரு வீடு கட்டாயம் குத்தகைக்காரர் வீடாக இருக்க வேண்டும் என்று சொன்னது, மாடியில் எழுந்து கேள்வி கேட்ட அதே மனிதர்.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. நடவு முடிவதற்குள் ஆறு பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஆண்களில் சிலர் நோட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் கூலியை எழுதினார்கள், வீட்டாள் உழைப்பை விட்டுவிட்டார்கள். அம்மா களை பறித்த நாட்கள் எந்த நோட்டிலும் இல்லை. நானும் இன்னொரு தோழியும் வீடு வீடாக உட்கார்ந்து அதை மறுபடி கேட்டு எழுத வேண்டியிருந்தது. குத்தகைத் தொகையை எழுதச் சிலர் பயந்தார்கள், நிலக்காரர் காதுக்குப் போனால் நிலம் போய்விடும் என்று. பெயரில்லாமல் எண் போட்டு எழுதினோம்.

இப்படி ஒரு குழுவை அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு நான் மாற்றிச் செய்யச் சொல்வது இதுதான்: கணக்கைப் போவதற்கு முந்தைய போகத்திலேயே தொடங்குங்கள். நாங்கள் கையை வீசிக்கொண்டு போய், திரும்பி வந்து எழுதினோம். எழுதியதோடு போயிருந்தால் அந்த அதிகாரியின் முன் அந்த ஒரு நிமிட மௌனம் இருந்திருக்காது. குழுவில் குத்தகைக்காரர் பாதியாவது இருக்கட்டும். தமிழில் விளக்கக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டு மற்ற ஏற்பாட்டுக்குப் போங்கள். ஒரு மாடிக் கூடத்தில் இரண்டரை மணி நேரம் எங்களுக்குத் தந்ததை எந்த அரங்கும் தரவில்லை.

2025-26-க்கு மத்திய அரசு செலவை 1,579 என்று வைத்து, பொது ரகத்துக்கு 2,369 ரூபாய் அறிவித்தது. மாநில ஊக்கத்தொகை 131 சேர்ந்து 2,500 ஆனது. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு அக்கா தொலைபேசியில் கேட்டது விலையைப் பற்றி இல்லை: "அந்த 1,579-ல குத்தகை எவ்வளவு தம்பி?"

அக்டோபரில் குறுவை அறுவடையானது. மானியை அக்கா வீட்டுத் திண்ணையில்தான் வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே நூல் கட்டித் தொங்கும் நோட்டில் அவருடைய கையெழுத்தில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது: "காலை 9 மணி, 20.1. வெயில் இல்லை. மதியம் 2 மணி, 18.7. தூறல், மூடிவிட்டோம். மறுநாள் மதியம் 3 மணி, 17.3. நிலையத்துக்குக் கொண்டுபோனது 46 சிப்பம். திருப்பி விட்டார்கள். ராத்திரி மழை."